அம்மாவுக்கு டெப் போதுமாம்!

சனிக்கிழமை காலை, ரொட்டியும் கட்டச்சம்பலும் மேசைக்கு வந்த நேரத்தில் டோஹாவிலிருந்து அந்தப் பெட்டியும் வந்து சேர்ந்தது. மகன் அன்ட்ரூ அனுப்பியது. லீவில் ஊருக்கு வந்த அவனுடைய கூட்டாளி வாசலிலேயே கொடுத்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

தினுஷா கையில் ஒட்டியிருந்த சம்பலை நக்கிக்கொண்டே பெட்டியைப் பிரித்தாள். உள்ளே சிலேட்டு மாதிரித் தொடுதிரையோடு ஒரு டெப். ரோஸ் நிற உறை. உறையின் மூலையில் ஒரு வண்ணத்துப்பூச்சி.

"அம்மா, பாருங்க! அண்ணா உங்களுக்குன்னே கலர் பார்த்து எடுத்திருக்காரு."

ஹென்றி அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்து ஒபிஸில் பெரிய கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாமானையும் பரிசோதித்து ஏற்றுக்கொள்வது தன் பொறுப்பு என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

"நல்ல சாமான். உங்கம்மாவுக்கு இது போதும். பூசை பார்க்கலாம், சமையல் பார்க்கலாம், மகனோட முகத்தைப் பார்த்துப் பேசலாம். வேற என்ன வேணும்?"

ஐரின் ரொட்டிக் கல்லை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். டெப்பைத் தொடவில்லை.

"எனக்கு இது வேணாம்."

தினுஷா பிரித்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

ஐரின் எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கப்பட்டவள் அல்ல. இந்தக் கதையைத் தொடர்ந்து வருகிறவர்களுக்கு அது தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

வத்தேகம சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் கல்யாணமான நாளிலிருந்து வேலை பார்த்தவள் ஐரின். டொக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தோட்டத்துச் சனங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லிச் சொல்லியே இரண்டு பாஷையும் அவள் நாக்கில் ஒன்றாகக் குடியேறிவிட்டன. கடை கைமாறியதும் வேலை போனது. சேமலாப நிதி கைக்கு வந்தது. அதை என்ன செய்யலாம் என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை.

அந்த நேரத்தில்தான் வடிவம்மாவின் விஷயம் நடந்தது. கொழுந்து பறிக்கிற வடிவம்மா, தான் குடியிருக்கும் லய வரிசைக்குப் பின்னால் இருந்த மரக்கறிப் பாத்தியை யாரோ வேலி போட்டு எடுத்துக்கொண்டதாக ஓர் அலுவலகத்தில் முறையிடப் போனாள். துணைக்கு ஐரினும் போனாள். வடிவம்மா தமிழில் சொன்னதை அங்கிருந்த ஒருவர் அதிகாரிக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். பாத்தியைத் தானாகவே விட்டுக்கொடுக்கிறாளாம்!

ஐரின் காதில் அது நெருப்பாக விழுந்தது. வடிவம்மாவிடம் சொன்னாள். "நான் அப்படிச் சொல்லல தாயி" என்று அவள் பதறினாள். அதை ஐரின் அப்படியே சிங்களத்தில் உரக்கச் சொன்னாள்.

"நீங்க யாரு? பதிவு செஞ்ச மொழிபெயர்ப்பாளரா? இல்லைதானே? வெளிய இருங்க" என்றார் அதிகாரி.

ஐரின் வெளியே இருந்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, யாரிடமும் கேட்காமல், மொழிபெயர்ப்பாளர் டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது. பாதி வகுப்பு இணையத்தில், பாதி வகுப்பு கண்டியில். முதல் வகுப்பு இன்றைக்கு அந்தி நேரத்தில்.

கதை இப்போது ரொட்டி ஆறிக்கொண்டிருக்கிற மேசைக்குத் திரும்புகிறது.

"ஏம்மா வேணாம்? படிக்கிறதுக்குத்தானே அண்ணா அனுப்பியிருக்காரு" என்றாள் தினுஷா.

"இதுல பார்க்கலாம், கேட்கலாம். நான் எழுதணும். பக்கம் பக்கமா எழுதணும்."

"விரலால தட்டி எழுதலாம்மா. நான் போன்ல எழுதலையா?"

"நீ எழுதுறது 'ம்', 'சரி', ஒரு சிரிப்பு மூஞ்சி. நான் ஒருத்தியோட வாக்குமூலத்தை எழுதப் போறேன்."

தினுஷாவுக்கு முகம் சுண்டியது. உடனே அண்ணனுக்கு அழைப்பு எடுத்தாள். திரையில் அன்ட்ரூ, வேலைத் தொப்பியோடு.

"என்னம்மா, நான் ஆசையா அனுப்பினதை வேணாங்கிறீங்களாம்?"

"உன் ஆசை வேணும்டா தம்பி. டெப்தான் வேணாம்."

"அம்மாவுக்கு டெப் போதும்னுதான் இங்க கடையிலயும் சொன்னாங்க."

"கடைக்காரன்கிட்ட உங்கம்மா என்ன செய்யப் போறான்னு சொன்னியா?"

அன்ட்ரூ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அம்மான்னு மட்டும்தான் சொன்னேன்."

"அதான்" என்றாள் ஐரின். "நான் கண்டிக்குப் போய் லெப்டொப் ஒன்னு எடுத்துக்கிட்டு வரப்போறேன். என் சொந்தக் காசுல."

"தனியாவா? தலையில மொளகா அரைச்சு அனுப்பிடுவானுங்க" என்று ஹென்றி எழுந்தார். "நானும் வர்றேன். தினுஷா, நீயும் கெளம்பு."

மூன்று பேரும் கிளம்பினார்கள்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. பொல்கொல்லை வந்ததும் சனம் இன்னும் ஏறி நெருக்கியது. ஹென்றி மனைவியின் காதருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"ஐரின், நான் சொல்றதைக் கேளு. படிக்கிறது நல்லதுதான். ஆனா இது ஒபிஸ்காரங்களோட மோதுற வேலை. நாளைக்குத் தினுஷாவுக்கு ஒரு சான்றிதழ் வேணும்னா அதே வாசல்லதான் போய் நிக்கணும். நாப்பது வருஷம் நான் 'சரி மாத்தயா, சரி மாத்தயா'ன்னு சொல்லித்தான் இந்தக் குடும்பத்தைக் காப்பாத்தினேன்."

"தெரியும்ங்க. நீங்க சொன்னீங்க. இனி நானும் சொல்லணுமா?"

"கோவப்படாம யோசி."

"கோவப்பட்டுத்தான் யோசிக்கிறேன். கோவம் வந்தாத்தான் எனக்கு மூளை வேலை செய்யுது."

பக்கத்தில் நின்ற தினுஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கி, சனத்துக்குள் புகுந்து நடந்து, ஒரு மாடிக் கடைக்குப் போனார்கள். குளிரூட்டி போட்ட கடை. வரிசையாக லெப்டொப்புகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தன. திலக்ஷன் என்ற விற்பனையாளர் நேராக ஹென்றியிடம் வந்தார்.

"வாங்க சேர். சேருக்கு என்ன மாதிரி பார்க்கிறீங்க?"

"எனக்கில்ல. வைஃபுக்கு."

"மேடத்துக்கா? அப்ப டெப் போதுமே சேர்!"

ஐரின் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"லெப்டொப் காட்டுங்க" என்றாள் ஐரின்.

திலக்ஷன் அப்போதும் ஹென்றியின் முகத்தைப் பார்த்துத்தான் காட்டினார். முதலில் ஒரு பெரிய கறுப்பு லெப்டொப். எழுத்துக்களுக்கு அடியில் சிவப்பு, நீலம், பச்சை என்று விளக்குகள் ஓடின. திரையில் ஒரு கார் பாய்ந்து போனது. ஹென்றியின் கண் விரிந்தது.

"இதுல கிரிக்கெட் பார்த்தா எப்படி இருக்கும்?"

"கிரவுண்டுக்குள்ள இருக்கிற மாதிரி சேர்!"

ஐரின் அதைத் தூக்கினாள். ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் தூக்கித் தோளில் தொங்கும் தன் பையருகே வைத்துப் பார்த்தாள். பை சிறியது, லெப்டொப் பெரியது.

"இது அம்மிக்கல்லு. பஸ்ஸுல ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவ நான். இதைத் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

தினுஷா வேறொன்றைக் கொண்டு வந்தாள். வெள்ளி நிறம், அப்பளம் போல மெல்லியது. "இது பாரமே இல்லம்மா. ஸ்டைலா இருக்கு."

அது உண்மையில் அழகாகத்தான் இருந்தது. ஐரினுக்கும் ஆசை வந்தது. திறந்தாள். பளிங்குபோல் மின்னிய திரையில் கடையின் விளக்குகளும் அவளுடைய முகமும்தான் முதலில் தெரிந்தன. எழுத்துக்கள் எறும்பு வரிசையாக ஓடின. மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். கழுத்து வலித்தது.

"இதுல நான் என்னைத்தான் வாசிக்கலாம்" என்று மூடி வைத்தாள்.

"மேடம், எதைக் காட்டினாலும் குறை சொன்னா எப்படி?" என்று திலக்ஷன் சிரித்தார். சிரிப்பில் சலிப்பு கலந்திருந்தது.

அந்த நேரம் அடுத்த மேசையில் ஒரு லெப்டொப்பைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். வெள்ளை முக்காடு, கழுத்தில் றலியா என்று பெயர் போட்ட அட்டை. அலவத்துகொடையிலிருந்து வந்து வேலை செய்கிறவள்.

"அன்டி, இத எடுத்து நீங்க என்ன செய்யப் போறீங்க? எனக்குச் செல்லுங்களே."

ஐரின் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து எத்தனை பேர் அவளுக்கு எது போதும் என்று சொன்னார்கள்! என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டவள் இந்தப் பிள்ளை ஒருத்திதான்.

"சொல்றேன் மகள்" என்று ஐரின் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் சிங்களத்துல இருக்கிறதைத் தமிழ்ல எழுதணும், தமிழ்ல இருக்கிறதைச் சிங்களத்துல எழுதணும். ஒன்னு இந்தப் பக்கம் இருக்கணும், மத்தது அந்தப் பக்கம் இருக்கணும். ரெண்டையும் ஒரே நேரத்துல பார்க்கணும். என் கண்ணு இளசு இல்ல. எங்க பக்கம் மழை வந்தா கரண்ட் போயிரும். அதுக்காக வகுப்பை விட முடியாது. பஸ்ஸுல கொண்டு போகணும். கீழ வச்சா, யாரும் இடிச்சா, உடைஞ்சு போகக் கூடாது. பாட்டு வேணாம், காரோட்டம் வேணாம். கலர் லைட்டு வேணவே வேணாம்."

ஹென்றி கடைக்கு வெளியே பார்ப்பதுபோல நின்றார். தினுஷா அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதையெல்லாம் அம்மா எப்போது யோசித்தாள்? ரொட்டி தட்டும்போதா?

"வெளங்கிட்டு அன்டி" என்றாள் றலியா. "ரெண்டு பக்கமும் சேத்துப் பாக்க ஸ்கிரீன் ரொம்பச் சின்னதா ஈக்கக் கூடாது. பெரிசாவும் வேணாம், பஸ்ஸுக்குச் சரிவராது. பதினாலு இஞ்சு ஈந்தா காணும். மின்னாத ஸ்கிரீன். மெமரியும் கூடுதலா ஈக்கணும், அப்பதான் நாலஞ்சு வேல ஒண்டா செய்யேக்க இழுக்காது. கீபோட்தான் முக்கியம், தட்டிப் பாத்துத்தான் எடுக்கணும்."

அவள் உள்ளே போய் ஒரு கறுப்பு லெப்டொப்பைக் கொண்டு வந்தாள். மினுக்கம் இல்லை. மூலைகள் தடித்திருந்தன. மூடியில் ஒரு மெல்லிய கீறல்.

"இது கம்பனி ஒண்டுல பாவிச்சது. புதுப் பெட்டரி போட்டு ஈக்கி. ஒரு வருஷ வரண்டி. புதுசுதான் வேணுமெண்டா அந்தப் பக்கம் ஈக்கி, ஆனா அதே விலைக்கு இந்தக் கீபோட் வராது. பாத்துட்டு நீங்களே முடிவெடுங்க."

"பாவிச்ச சாமானா?" ஹென்றி திரும்பினார். "சனம் என்ன நெனைக்கும்? மகன் டோஹாவுல இருக்கான், வீட்டுல பழைய லெப்டொப்புன்னு!"

ஐரின் றலியாவின் பக்கம் திரும்பினாள். பெட்டரி உண்மையில் புதிதா என்று கேட்டாள். றலியா பெட்டரியின் நிலையைச் சொல்லும் பக்கத்தைத் திரையில் திறந்து காட்டினாள். பிறகு தமிழ் எழுத்தை வரவழைத்துக் கொடுத்தாள். ஐரின் இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தாள். விரலுக்கடியில் எழுத்துக்கள் இறங்கி எழும்பின. முதல் சொல்லில் பிழை வந்தது, அழித்தாள். மறுபடி பிழை, மறுபடி அழித்தாள். கடைசியில் திரையில் ஒரு வரி நின்றது.

*நான் அப்படிச் சொல்லவில்லை.*

வடிவம்மாவின் வாக்கு. அந்த அலுவலகத்தில் காற்றோடு போன ஒரு சொல், இங்கே யாரும் மாற்ற முடியாதபடி கறுப்பு எழுத்தில் நின்றது.

பின்னால் ஹென்றியின் குரல் கேட்டது. "தம்பி, அந்தப் பெரிசையே பில் போடுங்க. அவ சரின்னுதான் சொல்லுவா. அவளுக்கு இதெல்லாம் விளங்காது."

ஐரின் எழுந்தாள். திலக்ஷனின் கையிலிருந்த பேனா பில் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"நான் அப்படிச் சொல்லல!"

விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் பேசாம இருந்தா அதுக்குச் சரின்னு அர்த்தம்னு இத்தனை வருஷம் நீங்களே மொழிபெயர்த்துக்கிட்டீங்க. இனி எனக்கு நானே பேசிக்கிறேன். எனக்கு இந்தக் கறுப்புதான் வேணும். மகள் றலியா, நீங்களே பில் போடுங்க."

ஹென்றியின் முகம் சிவந்து கறுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். தினுஷா முன்னால் வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, கிரிக்கெட் பார்க்கத்தானே? வீட்டுல ஒன்னு சும்மா கெடக்குது. உங்களுக்கு டெப் போதும்."

றலியா சிரிப்பை மறைக்க முக்காட்டைச் சரிசெய்தாள். ஐரின் மறைக்கவில்லை. வாய்விட்டே சிரித்தாள்.

வீடு திரும்பும்போது ஹென்றி பத்தடி முன்னால் நடந்தார். பஸ்ஸில் தினுஷா பையைத் தான் வைத்துக்கொள்வதாகக் கேட்டாள். ஐரின் கொடுக்கவில்லை. பிறந்த பிள்ளையைக் கொண்டுவருவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் தினுஷா சிங்கள எழுத்துக்களைப் பதிந்து கொடுத்தாள். பக்கம் மாற்ற எதை அழுத்துவது என்று காட்டினாள். ஒரு தடவை சொன்னதை அம்மா இன்னொரு தடவை கேட்டபோது சலித்துக்கொள்ளவில்லை. ஹென்றி ரோஸ் நிற உறையோடு டெப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து கிரிக்கெட் வர்ணனை கேட்டது.

வகுப்பு தொடங்கியது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். நடுவில் விரிவுரையாளரின் கட்டம். நரைத்த குட்டை முடி, கழுத்தில் சின்னச் சிலுவை.

ஐரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். முகம் மாறவில்லை.

அனற்!

ஹென்றியின் ஒரே தங்கை. ஐரின் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், கோயிலில் தன் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்த பிறகு, வீட்டார் பார்த்த மாப்பிள்ளை வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போனவள். அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவள் பேரை உச்சரித்ததில்லை. ஒரு தடவை ஐரின் வாய்தவறிச் சொன்னதற்கு, ஹென்றி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அனற் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். "ஐரின் ஹென்றி" என்ற இடத்தில் அவள் குரல் ஒரு கணம் தடக்கியது. நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கேன் மிஸ்" என்றாள் ஐரின்.

"நல்லது" என்று அனற் அடுத்த பேருக்குப் போனாள். ஆனால் அவள் கண் மறுபடி மறுபடி ஐரினின் கட்டத்துக்கு வந்து போனது.

பாதி வகுப்பில் மழை பிடித்தது. பெரிய இடியொன்று விழுந்தது, கரண்ட் போனது. வீட்டு இணைப்பும் சேர்ந்து செத்தது. தினுஷா ஓடிவந்து தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். லெப்டொப் அசரவில்லை. இருட்டிய மேசையில் அதன் எழுத்துக்கள் மெல்லிய வெள்ளையாய் ஒளிர, ஐரின் விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.

ஆனால் அறைக்குள் கிரிக்கெட் நின்றுவிட்டது. வீடு அமைதியானது. அந்த அமைதியில் அனற்றின் குரல் சுவர் தாண்டிப் போனது.

வகுப்பு முடிந்தது. "ஐரின், நீங்க மட்டும் கொஞ்சம் இருங்க" என்றாள் அனற். மற்ற முகங்கள் ஒவ்வொன்றாய் அணைந்தன. இரண்டு கட்டங்கள் மட்டும் மிஞ்சின.

"அண்ணி..."

அறைக் கதவு திறந்தது. ஹென்றி வந்து ஐரினின் பின்னால் நின்றார். திரை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அந்தப் பக்கம் அனற் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மூடு அதை" என்றார் ஹென்றி.

ஐரின் அசையவில்லை.

"அண்ணா" என்றாள் அனற். "என்கூடப் பேச வேணாம். ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க. அம்மா எப்படி இருக்காங்க?"

மாமியாரைப் போன வருஷம் பெரிய வெள்ளிக்கு முன்னால் அடக்கம் செய்தாயிற்று. தங்கச்சிக்கு ஆள் அனுப்பினேன், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்று சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் சொன்னவர் ஹென்றி.

அவள் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவருடைய கை லெப்டொப்பின் மூடியை நோக்கி நீண்டது.

ஐரின் அந்தக் கையைப் பிடித்தாள். பிடி இறுகியது.

"மூட விடமாட்டேன். பதில் சொல்லுங்க."